டர்போவைக் கழற்றும் முன் ஒரு தண்ணீர்க் குழாய்

கேள்வி இதுதான்: 1.3 லிட்டர் டீசல் டர்போ கார், 1,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் எண்ணெய் ஒழுகுகிறது. எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் மாற்றியாயிற்று. கியர்பாக்ஸை இறக்கி கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மாற்றியாயிற்று. சம்ப்பை, அதாவது அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிப் புதிதாக சிலிக்கான் பேஸ்ட் போட்டு மாட்டியாயிற்று. மூன்று மாதத்தில் அதே இடத்தில் அதே ஈரம். 2,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் எண்ணெய் ஊற்ற வேண்டியிருக்கிறது. இப்போது, டர்போ அழுத்தி அனுப்பும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் எண்ணெயைக் காட்டி, "டர்போ போச்சு சார், மாத்திடலாம்" என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

வேண்டாம். இன்னும் வேண்டாம். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இதுவரை மாற்றிய மூன்றும்கூடத் தேவையில்லாமல் இருந்திருக்கலாம். எண்ணெய் தெரியும் இடம் ஒன்று, அது வெளியேறும் இடம் இன்னொன்று, அதை வெளியே தள்ளும் காரணம் மூன்றாவது. உங்கள் வண்டியில் இதுவரை முதல் இரண்டைத்தான் எல்லோரும் துரத்தியிருக்கிறார்கள்.

உங்கள் எஞ்சின் நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகள் எல்லாவற்றுக்கும் பழக்கமானது. ஃபியட் 2003-இல் கொண்டுவந்த 1,248 சிசி மல்டிஜெட். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ, லீனியா என்று வெவ்வேறு பெயர்ப்பலகைக்குக் கீழே ஒரே எஞ்சின் ஓடியது. பெல்ட் இல்லை, டைமிங் செயின். எண்ணெய்க் கொள்ளளவு ஏறக்குறைய 3 லிட்டர்தான். அதனால் அரை லிட்டர் குறைந்தால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது என்று பொருள். அலட்சியம் செய்யக்கூடிய அளவு இல்லை.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மில்லி. ராத்திரி வண்டி நின்ற இடத்தில் 10 சொட்டு விழுந்தால் அரை மில்லி. மாதம் முழுக்க அப்படி விழுந்தாலும் 15 மில்லி, இருமல் மருந்து மூடியில் அடங்கிவிடும். நீங்கள் ஊற்றுவதோ அரை லிட்டர். ஆக, தரையில் தெரிவது சில்லறை. பெரிய நோட்டு வேறெங்கோ போகிறது. ஒன்று, எஞ்சினுக்குள் போய் எரிகிறது. இல்லையென்றால் ஓடும்போது மட்டும், அழுத்தத்தில், வெளியே வந்து காற்றில் வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பூசிக்கொள்கிறது. நின்ற வண்டியைப் பிட்டில் ஏற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் அது அகப்படாது.

இந்த விஷயத்தில் எனக்குக் கண் திறந்தது ஒரு கொல்லிமலை வண்டியால். சேந்தமங்கலத்துத் தம்பி ஒருவர், இதே வகை எஞ்சின், டாக்சி. "அண்ணா, கீழ ஓட்டுனா ஒரு சொட்டு இல்லீங்க. மலை ஏறி இறங்குனா மட்டும் ஊத்துதுங்க" என்றார். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றவில்லை. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறையான பெல் ஹவுசிங்கின் அடியில் கறுப்பு எண்ணெய், கிராங்க் சீல்தான் என்று முடிவு கட்டி, கியர்பாக்ஸை இறக்கி, சீலை மாற்றி அனுப்பினேன். இருபது நாளில் திரும்பி வந்தார். சீல் மாட்டியதில் தப்போ என்று என் செலவிலேயே மறுபடியும் இறக்கி மாற்றினேன். மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை, வேலையே செய்யாமல், அவர் பக்கத்தில் உட்கார்ந்து காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போனேன். 70 கொண்டை ஊசி வளைவு. ஏறக்குறைய முழு நேரமும் இரண்டாவது கியர், டர்போ முழு மூச்சில். பாதி மலையில் நிறுத்தி பானெட்டைத் திறந்து எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகினேன். திறக்கும்போதே புஸ்ஸென்று சத்தம், சோடா பாட்டில் மாதிரி.

அந்த சத்தம்தான் விடை. எஞ்சினின் அடிவயிற்றில், அதாவது கிராங்க் ஓடும் அறையில், அழுத்தம் சேர்ந்திருந்தது.

எந்த எஞ்சினிலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே இறங்கும். பட்டறையில் இதைப் 'பேக் கம்ப்ரஷன்' என்போம். புது எஞ்சினிலும் உண்டு, பழசில் அதிகம், டர்போ எஞ்சினில் ஏற்றத்தில் இன்னும் அதிகம். இந்த வாயு வெளியேறத்தான் பிரீதர் ஹோஸ் இருக்கிறது. டேப்பட் கவரிலிருந்து கிளம்பி, எண்ணெய்த் துளிகளைப் பிரிக்கும் ஒரு அறையைக் கடந்து, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவே இருக்கும் குழாயில் போய்ச் சேரும். டர்போ அந்த வாயுவை உறிஞ்சி எஞ்சினுக்கே எரிக்கக் கொடுத்துவிடும். இந்த வழி அடைபட்டால் வாயு என்ன செய்யும்? எங்கே பலவீனமோ அங்கே வழி தேடும். டேப்பட் கவர் பேக்கிங், எண்ணெய் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கின் குழாய், முன் சீல், பின் சீல். புது சீலும் தாங்காது. கிராங்க் சீலின் உதடு எண்ணெய் தெறிப்பதைத் தடுக்கத்தான் செய்யப்பட்டது, உள்ளிருந்து தள்ளும் காற்றை அணை கட்டி நிறுத்த அல்ல.

டர்போ கதை இன்னும் சுவாரசியமானது. உங்கள் மெக்கானிக் சொல்வது ஏன் பாதி உண்மை என்பது இதில்தான் புரியும். சின்ன டர்போவின் தண்டு நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றைத் தொடும். அந்த வேகத்துக்கும் சூட்டுக்கும் ரப்பர் சீல் எதுவும் நிற்காது. அதனால் இரண்டு முனையிலும் பிஸ்டன் ரிங் மாதிரி மெல்லிய உலோக வளையம்தான் போட்டிருப்பார்கள். அந்த வளையத்தில் இடைவெளி உண்டு. எண்ணெயை உள்ளே நிறுத்துவது வளையம் மட்டும் அல்ல. வெளிப்பக்கம் இருக்கும் காற்றும் புகையும் உள்நோக்கித் தள்ளுவதும், உள்ளே வந்த எண்ணெய் தேங்காமல் உடனே கீழே இறங்கிவிடுவதும் சேர்ந்துதான் நிறுத்துகிறது. எண்ணெய் மேலிருந்து பம்ப்பின் அழுத்தத்தில் மெல்லிய குழாய் வழியாக வரும். பேரிங்கில் புகுந்து நுரைத்துப் போய், தடித்த வடிகால் குழாய் வழியாகத் தன் எடையால் மட்டும் சம்ப்புக்கு இறங்கும். வரும் குழாய் சுண்டுவிரல்கூட இல்லை, போகும் குழாய் கட்டைவிரலைவிடத் தடிமன். கீழே இறக்கிவிட பம்ப் கிடையாது, உயர வித்தியாசம்தான் எல்லாம். அந்த உயரமோ ஒரு சாண், ஒன்றரைச் சாண். இப்போது சம்ப்பிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் தண்ணீர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் தள்ளினால் அந்த எண்ணெய் எப்படி இறங்கும்? டர்போவின் நடு வயிற்றிலேயே தேங்கும், வளையத்தைத் தாண்டி இரண்டு பக்கமும் கசியும். ஒரு பக்கம் இன்டர்கூலர் குழாய், மறுபக்கம் சைலன்சர். குழாயில் எண்ணெயைப் பார்த்தவர் 'டர்போ போச்சு' என்பார். புது டர்போ மாட்டினால் அதுவும் அதே மாதிரிக் கசியும். வாரன்டிக்குப் போனால், உங்கள் எஞ்சினில்தான் கோளாறு என்று திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

இன்டர்கூலர் குழாயின் உள்சுவரில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது பிரீதர் வாயுவை டர்போவுக்கு முன்னால் விடும் எல்லா டர்போ டீசலிலும் சகஜம். விரலை வைத்தால் பிசுபிசுப்பு இருக்கும். அதைக் காட்டி யாராவது பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். குழாயைச் சாய்த்தால் கொட்டுகிற அளவுக்குத் தேங்கியிருந்தால்தான் கவலை.

கொல்லிமலை வண்டிக்கு வருவோம். பட்டறைக்கு வந்ததும் பிரீதர் ஹோஸைக் கழற்றினேன். வெளியே பார்க்க நன்றாகவே இருந்தது, வெடிப்பில்லை, நசுங்கலில்லை. வாயை வைத்து மெதுவாக ஊதினேன், போனது. பலமாக ஊதினேன், சட்டென்று அடைத்துக்கொண்டது. திருப்பிப் பிடித்து மறுமுனையில் ஊதினால் எவ்வளவு பலமாக ஊதினாலும் போகிறது. கத்தியால் நீளவாட்டில் பிளந்தேன். உட்பக்க ரப்பர்த் தோல் ஒரு இடத்தில் உரிந்து நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. ஐடிலில் வாயு மெதுவாகப் போகும்போது நாக்கு படுத்துக் கிடக்கும். மலையேற்றத்தில் வாயு வேகமாகக் கிளம்பும்போது நாக்கு எழுந்து தொண்டையை அடைக்கும். வாகனம் எவ்வளவு பாடுபடுகிறதோ அவ்வளவு இறுக்கமாக அடைக்கும். தம்பி முதல் நாளே சொன்ன வாக்கியத்துக்கு அர்த்தம் இதுதான். இரண்டு முறை கியர்பாக்ஸ் இறக்கிய கூலியை நினைத்து அந்த ஹோஸ் துண்டைக் கொஞ்ச நாள் ஆணியில் மாட்டி வைத்திருந்தேன்.

ஹோஸ் மாற்றியதும் முக்கால்வாசி நின்றது. கால்வாசி நிற்கவில்லை. மீதி எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் வண்டியில் என்ன செய்யலாம்? முதல் வேலை அழுத்தத்தை அளப்பது. ஆயிரக்கணக்கில் கருவி வேண்டாம். கொத்தனார் மட்டம் பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி போன்ற ட்யூப் இரண்டு மீட்டர் போதும். ஒரு பலகையில் 'ப' எழுத்து மாதிரி, அடிப்பக்கம் வளைவு வர வளைத்துக் கட்டுங்கள். பாதி உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், தெரிவதற்குக் கொஞ்சம் நீலம் கலந்துகொள்ளலாம். எண்ணெய் ஊற்றும் மூடியின் பழையது ஒன்றை வாங்கித் துளையிட்டு ஒரு நிப்பிள் பொருத்தி, ட்யூபின் ஒரு முனையை அதில் செருகுங்கள், மறுமுனை திறந்தே இருக்கட்டும். சிலர் டிப்ஸ்டிக் குழாயில் செருகுவார்கள். எனக்கு அது பிடிக்காது. சில எஞ்சின்களில் அந்தக் குழாயின் கீழ்முனை எண்ணெய்க்குள் முங்கியிருக்கும், அளவு பொய் சொல்லும். பலகையை ஃபேன், பெல்ட் பக்கம் போகாமல் தள்ளிக் கட்டுங்கள்.

வண்டியை நன்றாகச் சூடாக்கிய பிறகு பாருங்கள், குளிர்ந்த எஞ்சினில் பார்ப்பது வீண். ஐடிலில் தண்ணீர் மட்டம் அசையாமல் நிற்க வேண்டும், அல்லது எஞ்சின் லேசாக உள்ளே இழுக்க வேண்டும். பிறகு ஒருவர் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ரேஸ் பிடிக்கட்டும். மட்டம் வெளிப்பக்கம் ஏறி ஒரு சாண் வித்தியாசம் வந்தால் காரணம் கையில் அகப்பட்டுவிட்டது. கொல்லிமலை வண்டியில் நின்ற நிலையில் ரேஸ் செய்தபோதே அவ்வளவு வந்தது, மலையில் எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அடுத்து பிரீதர் ஹோஸை டேப்பட் கவர் பக்கம் கழற்றிவிட்டு, ஏர் குழாய்ப் பக்க வாயைத் துணியால் இறுக்கி மூடிவிட்டு (தூசி போனால் டர்போவின் இறக்கை தேயும், துணியே உள்ளே போனால் கதை முடிந்தது, கிளிப் போட்டுக் கட்டுங்கள்) மறுபடி அளக்க வேண்டும். மட்டம் இறங்கிவிட்டால் குற்றவாளி ஹோஸ். இறங்காவிட்டால் டேப்பட் கவருக்குள் இருக்கும் எண்ணெய் பிரிக்கும் அறை அடைபட்டிருக்கிறது, அல்லது ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷனே அதிகம்.

இதைச் செய்யும்போதே ஏர் ஃபில்டரையும் பாருங்கள். அடைந்த ஃபில்டர் இரட்டைக் கெடுதல். டர்போவின் உறிஞ்சும் பக்கம் வெற்றிடம் கூடி, தளர்ந்த ஹோஸை உறிஞ்சிச் சப்பையாக்கும். அதே வெற்றிடம் டர்போவின் வளையத்தைத் தாண்டி எண்ணெயையும் இழுக்கும். சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றாமல் டர்போவுக்கு விலை விசாரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டிப்ஸ்டிக்கில் எண்ணெய் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா என்றும் பாருங்கள். 'கொஞ்சம் அதிகமாவே இருக்கட்டும்' என்று ஊற்றுவது நம் வழக்கம். மட்டம் ஏறினால் டர்போ வடிகாலின் வாய் முங்கும், கிராங்க் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். பிஎஸ் 6 என்ற புகை விதிக்கு ஏற்ப வந்த புதிய டீசல்களில் சைலன்சர் வடிகட்டியைச் சுத்தம் செய்யும் ஓட்டம் பாதியில் நின்றுபோனால் டீசலே எண்ணெயில் கலந்து மட்டம் தானாக ஏறும். உங்கள் வண்டி அந்தத் தலைமுறை இல்லை, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும்.

அழுத்தம் சரியாக இருக்கிறது, ஆனாலும் ஒழுகுகிறது என்றால் அப்போதுதான் இடம் தேடும் வேலை. அழுத்தத்தைச் சரிசெய்த பிறகும் இந்த வேலை உண்டு. சுத்தம்தான் இதில் பாதி. எஞ்சின் ஆறியிருக்கும்போது பிரேக் கிளீனர் அடித்து, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, உலோகம் வெள்ளையாகத் தெரியும் வரை விடாதீர்கள். மண்ணெண்ணெய் போட்டால் படலம் தங்கும், பெட்ரோல் வேண்டவே வேண்டாம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: கழுவிய பிறகு அடியில் ஆயில் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் பழைய எண்ணெயை டீசலில் கலந்து சேஸிஸ் முழுக்க அடித்துவிடுவார்கள். அப்புறம் எந்த எண்ணெய் யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சுத்தம் செய்து காய்ந்த பிறகு முகப் பவுடரை மெல்லிய துணியில் முடிந்து, சந்தேகப்படும் இடங்களில் தட்டித் தட்டிப் பூசுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எந்த உச்சியில் தொடங்குகிறதோ அதுதான் வாய். ரேடியேட்டர் ஃபேன் காற்றும் ஓடும் காற்றும் எண்ணெயைப் பின்னாலும் கீழேயும் தள்ளும். அதனால் பின்னால் நனைந்திருப்பதை விட்டுவிட்டு, எது மிக உயரத்திலும் மிக முன்னாலும் நனைந்திருக்கிறதோ அதைத்தான் நம்ப வேண்டும். பெல் ஹவுசிங் என்பது எஞ்சினின் சாக்கடை முக்கு. மேலே எங்கே ஒழுகினாலும் கடைசியில் அங்கே வந்து சொட்டும்.

பவுடருக்கும் பிடிபடாவிட்டால் எண்ணெயில் கலக்கும் ஒளிரும் சாயம் கிடைக்கிறது. எஞ்சின் எண்ணெய்க்கென்று விற்பதை வாங்கி ஊற்றி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இருட்டில் புறஊதா டார்ச் அடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாகப் பளிச்சிடும். டீசல் எஞ்சினில் எண்ணெய் கரியாகக் கறுத்திருக்கும்போது சாயம் மங்கும். அதனால் எண்ணெய் மாற்றிய கையோடு செய்வது நல்லது. இன்னும் ஒன்று: காற்று கம்ப்ரசரை எஞ்சினுக்குள் விட்டு எங்கே நுரைக்கிறது என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டறைக் கம்ப்ரசரின் அழுத்தம் நல்ல சீலையும் பிடுங்கித் தள்ளிவிடும். ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அதே அளவு) என்பதே 70 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம், கம்ப்ரசரில் இருப்பது நூறுக்கு மேல்.

சந்தேகப்பட வேண்டிய இடங்களை மேலிருந்து சொல்கிறேன். கேம் தண்டின் முனையில் மாட்டியிருக்கும் பிரேக் வேக்குவம் பம்ப். டீசல்காரர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். அதன் ரப்பர் வளையம் கசிந்தால் எண்ணெய் எஞ்சினின் பக்கவாட்டில் இறங்கி நேராக பெல் ஹவுசிங்குக்குப் போகும். அச்சு அசல் கிராங்க் சீல் போலவே நடிக்கும். உங்கள் விஷயத்தில் அழுத்தத்துக்கு அடுத்து என் சந்தேகம் இதன்மேல்தான். அப்புறம் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கும் அதோடு ஒட்டியிருக்கும் கூலரின் பேக்கிங்கும், பிறகு ஆயில் பிரஷர் ஸ்விட்ச். இதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே எண்ணெய் இருந்தால் ஸ்விட்ச் போய்விட்டது. டைமிங் செயின் கவர், டிப்ஸ்டிக் குழாயின் அடி வளையம், ட்ரெயின் போல்ட் வாஷர் எல்லாம் சீக்கிரம் பார்த்து முடிக்கக்கூடியவை. ஒழுகுவது எஞ்சின் எண்ணெய்தானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். டீசல் எஞ்சின் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். கியர் எண்ணெய் தேன் நிறத்தில், கந்தக நாற்றத்தோடு இருக்கும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு வாங்கி முகர்ந்தால் போதும்.

சம்ப்புக்கு சிலிக்கான் பேஸ்ட் போட்டதாகச் சொன்னீர்கள். எவ்வளவு போட்டார்கள் என்பது முக்கியம். இரண்டு முகத்துக்கும் நடுவே மெல்லிய கோடாக இருக்க வேண்டியது, பற்பசை மாதிரிப் பிதுங்கியிருந்தால் வெளியே பிதுங்கிய அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அந்தத் துணுக்குகள் பிய்ந்து எண்ணெயில் மிதந்து பம்ப்பின் சல்லடையை அடைக்கும். டர்போ வடிகால் குழாயின் ஃபிளாஞ்சில், அதாவது போல்ட் போட்டு இணைக்கும் தட்டையான முகத்தில், யாராவது பேக்கிங்குக்குப் பதில் பேஸ்ட் போட்டிருந்தால் அதைக் கழற்றிச் சுரண்டி எடுத்துவிடுங்கள். வடிகாலின் வாய் குறுகினாலும் டர்போ கசியலாம்.

டர்போவையும் ஒரு நிமிடம் நேரில் விசாரிக்கலாம். எஞ்சின் ஆறியதும் காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றி, தண்டின் நுனியை விரலால் பிடித்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் பேரிங் அப்படித்தான். முன்னும் பின்னும் இழுத்தால் கையில் தெரிகிற அளவு ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கை ஹவுசிங்கில் உரசிய கோடு இருக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லையென்றால் அந்த டர்போவை மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

ஆனால் இன்டர்கூலரில் எண்ணெய் குளம் கட்டியிருக்கும்போது வண்டியைத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். டீசல் எஞ்சின் தன் எண்ணெயையே எரிபொருளாகக் குடித்துக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் அலறும் நிலை வரலாம். அப்படி ஆனால் உயர்ந்த கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விட்டு எஞ்சினை மூச்சுத்திணற நிறுத்த வேண்டும். பானெட்டைத் திறந்து அருகில் நிற்கக் கூடாது. டர்போவின் சூடான பக்கத்துக்கு மேலே கசிவு இருந்தால் அதையும் தள்ளிப்போடக் கூடாது. மலை ஏறி வந்த டர்போவின் சைலன்சர் பக்கம் எண்ணெய் பற்றிக்கொள்ளும் சூட்டைத் தாராளமாகத் தாண்டியிருக்கும். வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாசனை வந்தால் அதுதான் முதல் எச்சரிக்கை.

மீதிக் கால்வாசி எங்கே என்று சொல்கிறேன் என்றேனே. அது டர்போவுக்கு எண்ணெய் கொண்டுவரும் குழாயின் பாஞ்சோ போல்ட்டில், அதாவது நடுவே துளை வழியாக எண்ணெய் போகும் போல்ட்டில், இருந்தது. இரண்டு பக்கமும் காப்பர் வாஷர் இருக்கும். யாரோ கழற்றிய பழைய வாஷரையே மாட்டி, ஒழுகியதும் இன்னும் இறுக்கி, இன்னும் இறுக்கி, போல்ட்டின் மரையே இழுபடும் நிலையில் வைத்திருந்தார்கள். காப்பர் வாஷர் ஒரு தடவை நசுங்கி உட்கார்ந்த பிறகு இறுகிவிடும், இரண்டாம் முறை முகத்தோடு படியாது. புதிது போட வேண்டும். அவசரத்துக்குச் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மறுபடி மென்மையாகும் என்பது உண்மைதான், ஆனால் அதன் விலை ஒரு டீக்காசு. பம்ப் அழுத்தம் முழுதும் அங்கே இருப்பதால் கசிவு மயிரிழைதான் என்றாலும் ஓடும்போது பனி மாதிரிப் பீய்ச்சும், நின்றதும் சூட்டில் காய்ந்து தடமே இருக்காது. அழுத்தக் கசிவு அடங்கிய பிறகுதான் இது தனியாகத் தெரிந்தது. பிடிவாதமான ஒழுக்கு என்று என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இப்படி இரண்டு கசிவு ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டிருந்தன. ஒன்றைச் சரிசெய்தும் நிற்கவில்லை என்றால் செய்த வேலை தப்பென்று உடனே முடிவுக்கு வர வேண்டாம்.

பின்சீலை இன்னொரு முறை மாற்ற நேர்ந்தால், வரும் சீலின் உதட்டைப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த கறுப்பு ரப்பர் என்றால் எண்ணெய் தடவி மாட்டலாம். ஸ்பிரிங் இல்லாத தட்டையான டெஃப்லான் உதடு என்றால் எண்ணெயோ கிரீஸோ படாமல் உலர்வாக மாட்ட வேண்டும். வழக்கம்போல எண்ணெய் தடவி மாட்டிவிட்டு 'சீல் குவாலிட்டி சரியில்லை' என்று சொல்வது பல பட்டறைகளில் நடக்கிறது.

அழுத்தம் அதிகம், ஹோஸ் சுத்தம், பிரிக்கும் அறையும் சுத்தம், அப்படியும் தண்ணீர் மட்டம் ஒரு சாணுக்கு ஏறுகிறது என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் பேச்சு அங்கே திரும்பும். அதுவரை டர்போவுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை ட்யூபைக் கட்டிப் பார்த்துவிட்டு மூன்று அளவைக் குறித்து வையுங்கள்: சூடான எஞ்சினில் ஐடிலில் எவ்வளவு, 3,000-இல் எவ்வளவு, ஹோஸைக் கழற்றிய பிறகு 3,000-இல் எவ்வளவு. அந்த மூன்று எண்ணையும் சொன்னால் அடுத்து எதைக் கழற்றுவது என்று சொல்லிவிடுவேன்.